ராகு காலத்தில் விழித்துக்கொண்ட கம்ப்யூட்டர்

ஒரு மரண அறிவித்தலால் கல்யாணப் பேச்சு நிற்கப் பார்த்த கதையைக் கேட்டிருக்கிறீர்களா? போன மாதம் எங்கள் கட்டடத்தில் நடந்தது. எங்களுக்கு நேர் மேல் வீடு. சிவபாலன் அண்ணை, பவளம் அக்கா, அவர்களின் ஒரே மகள் துவாரகா.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வரி. நான் தஞ்சாவூர்க்காரன். சுவிட்சர்லாந்தில் வேலை சூக் நகரத்தில், குடியிருப்பு ஓல்டனில், மீதி வாழ்க்கை ரயிலில். சாஃப்ட்வேர் எழுதுகிறவன் என்று தெரியாத்தனமாக ஒருமுறை வெளியே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து இந்த ஊர்த் தமிழர் வீடுகளில் பிளக் வைத்த எந்தப் பொருள் கெட்டாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஒருமுறை தையல் மெஷின் கூட வந்தது...

அன்று வாசலில் நின்றது பவளம் அக்கா. கையில் ஒரு தட்டு ரோல்ஸ். ரோல்ஸ் வந்தால் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று பொருள்.

"தம்பி, மானம் போச்சுது" என்றார்.

உள்ளே உட்கார வைத்து விசாரித்தோம். விஷயம் இதுதான். துவாரகாவுக்குக் கனடாவில் ஒரு வரன். டொரொண்டோவில் ஆஸ்பத்திரி லேபில் வேலை, பெயர் நிரோசன். சாதகம் பொருந்திவிட்டது. பிள்ளைகள் இருவரும் மெசஞ்சரில் பேசிப் பழகியும் விட்டார்கள். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் முகம் பார்த்து, வாய் வார்த்தையாகச் சம்மதம் சொல்வதுதான் பாக்கி. அதற்காகச் சனிக்கிழமை வெப்கேமராவுக்கு முன்னால் குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. அக்கா பட்டுச்சேலை, அண்ணை கோட்டு, துவாரகா புதுச் சாரி.

படம் வந்தது. அங்கே மாப்பிள்ளையின் அம்மா, அப்பா, நடுவில் மாப்பிள்ளை. அக்கா கைகூப்பி, "வணக்கம்" என்று வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து, கம்ப்யூட்டரில் தானாகவே ஒரு ரேடியோ திறந்துகொண்டது. முழுச் சத்தத்தில்.

"மரண அறிவித்தல்!"

நம் தமிழ் ரேடியோக்களைக் கேட்கிறவர்களுக்கு அந்தக் குரலும் அந்த இசையும் தெரியும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன நாட்டை வதிவிடமாகவும் கொண்ட இன்னார்... அண்ணை பாய்ந்து போய் மவுஸைப் பிடித்தார். கம்ப்யூட்டர் திணறிக்கொண்டிருந்தது, அசையவில்லை. மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் என்று ஒருவர் விடாமல் வாசித்து, தகனக்கிரியை நடக்கும் இடத்தையும் சொல்லிவிட்டுத்தான் அது ஓய்ந்தது. இரண்டு கண்டங்களிலும் இரண்டு குடும்பங்கள் வேறு வழியில்லாமல் முழுவதையும் கேட்டன.

"அதுக்குள்ளை இவள் வேறை எழும்பி நிண்டிட்டாள் தம்பி" என்றார் அக்கா. "கமராவிலை தலை தெரியேல்லை. சாறி மட்டும்தான் தெரிஞ்சுது. ஏனடி எழும்பினனீ எண்டால், பழக்கத்திலை எழும்பிட்டன் எண்டுறாள்."

துவாரகா வேலை பார்ப்பது முதியோர் இல்லத்தில். அங்கே யாராவது இறந்த செய்தி வந்தால் எல்லோரும் ஒரு நிமிஷம் எழுந்து நிற்பார்களாம்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. முதல் முதல் கேட்ட வார்த்தையே இப்படியா? லண்டனிலிருந்து இன்னொரு சாதகமும் வந்திருக்கிறது என்று காதில் போட்டு வைத்துவிட்டார். கடைசியாக, வருகிற ஞாயிற்றுக்கிழமை இன்னும் ஒரே ஒருமுறை பார்ப்பது என்று முடிவு.

"அண்டைக்கும் இந்தச் சனியன் ஏதாவது கத்திச்சுதெண்டால், சம்பந்தம் குழம்பிடும் தம்பி. நீங்கள்தான் ஒருக்கா வந்து பாக்கவேணும்."

என் மனைவி ரோல்ஸை ஒன்று எடுத்துக் கடித்தபடி என்னைப் பார்த்தாள். "பொண்ணு வாழ்க்கைங்க. போய் ஒழுங்கா பாருங்க. நம்ம வீட்டு கம்ப்யூட்டர் மாதிரி பாத்து வைக்காதீங்க."

போனேன்.

வரவேற்பறையின் மூலையில், பூப்போட்ட துணி போர்த்தி மகாராஜா போல வீற்றிருந்தது கம்ப்யூட்டர். பட்டனை அழுத்தினேன். "இருங்கோ தம்பி, அது வரும்" என்று சொல்லிவிட்டு அக்கா சமையலறைக்குள் போனார். தேநீர் வந்தது. குடித்தோம். ரோல்ஸ் வந்தது. தின்றோம். அக்கா கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டே வந்துவிட்டார். திரையில் மணல் கடிகாரம் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"உலையை வைச்சிட்டுப் பட்டனை அமத்தினால், சோறு வடிக்கிற நேரத்துக்குச் சரியா வந்திடும்" என்றார் அக்கா. அந்த வீட்டில் அதுதான் கணக்கு. கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் முன்கூட்டியே யோசித்து அழுத்த வேண்டும்.

ஏன் இப்படி ஆகிறது? விண்டோஸ் கண் விழிக்கும்போதே கூடவே விழித்துக்கொள்ளும் புரோகிராம்கள் சில உண்டு. ஸ்டார்ட்அப் புரோகிராம் என்பார்கள். நான்கைந்து இருந்தால் ஒன்றும் தெரியாது. நாற்பது இருந்தால்? காலையில் ஓல்டன் ஸ்டேஷனில் ரயில் கதவு திறந்ததும் எல்லோரும் ஒன்றாக ஏறப் பார்ப்பார்களே... இறங்குகிறவன் இறங்க முடியாது, ஏறுகிறவன் ஏற முடியாது, ரயிலும் கிளம்பாது. அதே கதைதான்.

ஒரு வழியாகத் திரை வந்தது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் வரிசையாகப் படங்கள் முளைத்தன. முளைத்துக்கொண்டே இருந்தன. ஒரு டால்பின் திரையின் குறுக்கே நீந்திப் போனது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. நாய் பூனை வளர்க்கிற வீட்டில் அது குறுக்கே போனால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

ஸ்டார்ட்டை அழுத்தி, ரன் பெட்டியில் 'எம்எஸ்கான்ஃபிக்' என்று அடித்தேன். (ஆங்கில எழுத்தில்தான். நீங்கள் தமிழில் அடித்துவிட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள்.) திறந்த பெட்டியில் 'ஸ்டார்ட்அப்' என்றொரு பக்கம் இருக்கும். தானாகத் தொடங்கும் அத்தனையும் அங்கே நிற்கும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு டிக். டிக்கை எடுத்துவிட்டால் புரோகிராம் அழியாது. கூப்பிட்டால் வரும். கூப்பிடாமல் வராது. வீட்டுக்கு வரும் சில உறவினர்களுக்கும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

குடும்பத்தைச் சுற்றி உட்கார வைத்து விசாரணையைத் தொடங்கினேன்.

"இந்த ரேடியோ யாருது?"

அண்ணை மேலே விளக்கைப் பார்த்தார்.

"பஞ்சாங்கம்?"

"அது என்ரை. அது கட்டாயம் வேணும் தம்பி" என்றார் அக்கா.

"பிரிண்டருக்கு ரெண்டு புரோகிராம் இருக்கே. பிரிண்டர் எங்க?"

"அதைப் போன வருஷமே குடுத்தாச்சு."

பிரிண்டர் பழைய சாமான் சேகரிக்கிற இடத்துக்குப் போய்விட்டது. அதன் புரோகிராம்கள் மட்டும் தினமும் எழுந்து, அதைக் காணாமல் வீடெல்லாம் தேடிக்கொண்டிருக்கின்றன. மூன்று வைரஸ் தடுப்புகள். மூன்றும் ஒன்றையொன்று வைரஸ் என்று நினைத்துச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. மலிவாகப் பேச ஒரு டெலிபோன், அதைவிட மலிவாகப் பேச இன்னொன்று. யாருக்கும் தெரியாத பாஷையில் ஒரு அகராதி.

"இவ்வளவையும் யார்தான் போட்டது?"

அம்மாவும் மகளும் ஒன்றாக அண்ணையைப் பார்த்தார்கள்.

"நான் ஒண்டும் போடேல்லை" என்றார் அவர், குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் போல. "அது கேட்டுது. நான் யா எண்டனான்."

'யா' என்றால் ஜெர்மனில் 'ஆமாம்'. அவர்கள் வீட்டு விண்டோஸ் ஜெர்மன் பேசும். திரையில் ஏதாவது பெட்டி வந்து யாவா, நைனா – ஆமாவா, இல்லையா – என்று கேட்டால், அண்ணை ஒரு எழுத்துக்கூட வாசிக்காமல் 'யா'வை அழுத்திவிடுவாராம்.

"ஏண்ணே? ஒருதடவையாவது 'நைன்' குடுக்கக் கூடாதா?"

 அவர் வேலை பார்ப்பது சாமான் குடோனில். அதிகம் பேசுகிற மனிதர் இல்லை.

"தம்பி, நான் இஞ்சை அகதியா வந்த புதுசிலை பாஷை ஒண்டும் விளங்காது. விசாரணையிலை ஏதோ கேப்பாங்கள். யா எண்டுவன். வேலைக்குப் போனால், சனிக்கிழமையும் வருவியோ எண்டு கேப்பாங்கள். யா எண்டுவன். நைன் எண்டால் பேந்து ஏன் எண்டு கேப்பாங்களெல்லோ? அதுக்கு மறுமொழி சொல்ல ஜெர்மன் வேணுமே... யாவுக்கு ஒண்டும் தேவையில்லை. அதோடை விட்டிடுவாங்கள்."

சிரிப்பு வந்தது. சிரித்தேன். பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். நான் இந்த நாட்டுக்கு வந்தபோது என் கம்பெனியே விமான நிலையத்துக்குக் கார் அனுப்பியது. ஆங்கிலத்தில் எத்தனை 'நோ' சொல்லியிருப்பேன், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நீளமாக விளக்கம் கொடுத்திருப்பேன்! இந்த மனிதர் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே இங்கே நட்டு வளர்த்திருக்கிறார்.

சரி... டால்பினுக்கு வருவோம்.

டிக்குகளை எடுக்கத் தொடங்கினேன். டால்பின் போனது. அகராதி போனது. பிரிண்டரின் ஆவிகள் போயின. ரேடியோவில் கை வைத்ததும் அண்ணை, "அது கிடக்கட்டுமே, சத்தத்தைக் குறைச்சு விட்டால் காணாதோ?" என்று இழுத்தார். அக்கா பார்த்த பார்வையில் ரேடியோவும் போனது. பஞ்சாங்கத்துக்கு அக்கா மல்லுக்கு நின்றார். சுவரில் தொங்கும் காலண்டரைக் காட்டிச் சமாதானம் செய்தேன்.

மெசஞ்சரில் மவுஸ் வந்து நின்றபோது, இவ்வளவு நேரம் பேசாமல் இருந்த துவாரகா என் காதருகே குனிந்தாள்.

"அங்கிள், அது மட்டும் இருக்கட்டும். நான் ஓன்லைன் வந்தால் அவருக்கு உடனே தெரியும்." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு அங்கிள். லண்டன் எல்லாம் எனக்கு வேண்டாம். பிளீஸ், இந்தமுறை ஒண்டும் பிழையாப் போகக் கூடாது."

அந்தக் குரலைக் கேட்ட பிறகு எவன் அந்த டிக்கை எடுப்பான்? மெசஞ்சரும், ஒரே ஒரு வைரஸ் தடுப்பும் மிஞ்சின. மற்றதெல்லாம் உறங்கப் போயின.

கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டேன். அக்கா தேநீர் போடலாமென்று எழுந்தார். சமையலறை வாசலைத் தாண்டவில்லை, திரை வந்துவிட்டது. மெசஞ்சரும் தானாகப் போய் உட்கார்ந்துவிட்டது.

"இவ்வளவு கெதியா வந்தால் சரியா வேலை செய்யுமோ தம்பி?" என்று சந்தேகமாகக் கேட்டார். இருபது ரோல்ஸ் மரியாதை ஒரு நொடியில் பாதியானது. நம் மக்களுக்கு வேலை சுலபமாக முடிந்தால் வேலை செய்தவன் மேல் நம்பிக்கை போய்விடும். ஒரு ஸ்க்ரூவையாவது கழற்றிக் காட்டியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. "டொக்டர் பக்கத்திலை நிண்டால் நல்லது" என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். கேமராவில் விழாத இடமாகப் பார்த்து, கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

சந்திப்பு ஆறு மணிக்கு. அதற்கும் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. இந்த ஊர் சூரியன் கோடையில் இரவுச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் மறையாமல் அடம் பிடிப்பார். ஆனால் ராகு மட்டும் யாழ்ப்பாணத்துக் காலண்டரைப் பார்த்துத்தான் வருவார், போவார்.

ஆறு ஆக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அக்கா குத்துவிளக்கைத் துடைத்து வைத்தார். மகளின் கொசுவத்தைச் சரி செய்தார். காலண்டரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, இத்தனை வருஷப் பழக்கத்தில்... இப்போது போட்டால்தான் ஆறு மணிக்கு வந்து சேரும் என்ற அதே பழைய கணக்கில், போய்ப் பட்டனை அழுத்திவிட்டார்.

நான் "அக்கா!" என்று கத்துவதற்குள் திரை வந்துவிட்டது. மெசஞ்சர் போய் உட்கார்ந்துவிட்டது. துவாரகா ஓன்லைன் வந்ததை டொரொண்டோவில் ஒருவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். அடுத்த நொடியே மணி அடித்தது. அழைப்பை ஏற்கிறீர்களா என்று ஜெர்மனில் ஒரு பெட்டி கேட்டது.

கேட்டால் என்ன செய்வார் நம் அண்ணை?

'யா'.

படம் திறந்துவிட்டது. எதிரே மாப்பிள்ளை குடும்பம் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறது. இங்கே அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"ராகு காலம்! ஒருத்தரும் கதைக்காதேங்கோ... அசையாதேங்கோ!"

பல்லைக் கடித்தபடி, மூச்சுக் காற்றில் சொன்னார். குடும்பம் அப்படியே உறைந்துவிட்டது. அண்ணை மவுஸில் கை வைத்தபடி. துவாரகா நாற்காலியில் நிமிர்ந்தபடி. அக்கா, 'அசையாதேங்கோ'வின் 'கோ'விலேயே வாய் திறந்தபடி. பேசாவிட்டால் தொடங்கவில்லை, அசையாவிட்டால் ஆளே இல்லை – அக்காவின் அவசரச் சட்டம் அதுதான்.

"ஹலோ? ஹலோ?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

பிறகு அவரே சொன்னார்.

"படம் நிண்டிட்டுது போலை. நெட் ஸ்லோவாக்கும்."

"சுவிஸிலை எல்லாம் திறமா இருக்கும் எண்டாங்கள். இதைப் பாருங்கோவன்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. கேமராவுக்கு மிக அருகில் வந்து உற்றுப் பார்த்தார். "தாய்க்காரி வாயைத் திறந்தபடி நிண்டிட்டா. பாவம்."

அக்காவின் கண் மட்டும் ஒருமுறை துடித்தது. வாயை மூடவும் முடியாது, மூடினால் அசைந்ததாகிவிடும்.  அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

பிரச்சினை என்னவென்றால், அந்தப் பக்கம் இவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று நினைத்து அவர்கள் தாராளமாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

"பிள்ளை வடிவுதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, மகனிடம். "ஆனால் எனக்கு அண்டைக்குக் கேட்ட அந்த அறிவித்தல்தான் நெஞ்சிலை நிக்குது. வாயைத் திறக்க முன்னமே சாவுச் செய்தி. இப்ப பார், படமும் நிக்குது. எனக்கு மனம் சரியில்லை தம்பி. லண்டன் சாதகத்தையும் ஒருக்காப் பாப்பமே?"

துவாரகாவின் கழுத்து நரம்பு தெரிந்தது. அசையவில்லை.

மாப்பிள்ளைப் பையன் இதுவரை பேசாமல் இருந்தவன், அம்மாவின் பக்கம் திரும்பினான்.

"அம்மா, அவைக்குக் கேக்காத நேரத்திலை ஒண்டு சொல்லுறன். அண்டைக்கு அந்த அறிவித்தல் போகேக்கை நீங்கள் சகுனம் பாத்தனீங்கள். அப்பா சிரிப்பை அடக்கினவர். நானும் அடக்கினனான். அவ ஒராள்தான் எழும்பி நிண்டவ. ஆரெண்டே தெரியாத ஒராள் செத்ததுக்கு எழும்பி நிண்ட பிள்ளையம்மா அது. நாளைக்கு உங்களுக்கு வயசு போனால், கட்டிலடியிலை ஆர் நிக்கவேணும் எண்டு நீங்களே யோசியுங்கோ. எனக்கு லண்டனும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். எனக்கு இவதான்."

அந்த அம்மா கேமராவைப் பார்த்தார். அதில் அசையாமல் உட்கார்ந்திருந்த பெண்ணை இந்தமுறை நிதானமாகப் பார்த்தார்.

இந்தப் பக்கம் துவாரகாவின் கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கியது. உறைந்துபோன படத்தில் கண்ணீர் மட்டும் இறங்குமா? இறங்கியது. அம்மாவின் சட்டத்தை மீறி, மெதுவாக வாயைத் திறந்தாள்.

"கேக்குது" என்றாள்.

டொரொண்டோவில் மூவரும் நாற்காலியோடு துள்ளினார்கள்.

மாப்பிள்ளையின் காது மடல் சிவந்ததை அந்த மங்கல் படத்திலேயே பார்க்க முடிந்தது. அவன் அம்மா சாரித் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "எல்லாம் கேட்டுதோ?"

"யா" என்றார் அண்ணை.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. அலமாரிக்குள் இருந்த கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுத்தன என்றால், அதற்குக் காரணம் அதைப் பிடித்துக்கொண்டிருந்த நான். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வாயை ஒருவழியாக மூடிவிட்டு, காலண்டரைக் காட்டினார்.

"ராகு காலத்திலை எல்லாத்தையும் கதைச்சுப் போட்டீங்களே! ஆறு மணிக்குப் பிறகு எண்டெல்லோ சொன்னனாங்கள்!"

"இல்லையே" என்றார் அந்த அம்மா. "எங்களுக்குப் பகல் பன்னெண்டுக்கு முன்னம் எண்டெல்லோ நாங்கள் சொன்னது. பன்னெண்டு அடிச்சால் எமகண்டம் தொடங்கீடும்."

இரண்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில் கணக்குப் போட்டார்கள். நமக்கு மாலை ஆறு என்றால் அவர்களுக்குப் பகல் பன்னிரண்டு. இங்கே ராகு செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பும் அதே நொடியில், அங்கே எமன் வாசலில் வந்து நிற்கிறார். நடுவில் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை! அப்படியானால் இந்த நேரத்துக்கு இரண்டு பக்கமும் எப்படி ஒத்துக்கொண்டார்கள்?

டெலிபோனில் நேரம் பேசியவர் யார்?

எல்லோரும் அண்ணையைப் பார்த்தார்கள்.

"அவை பன்னெண்டுக்கு முன்னம் சரியோ எண்டு கேட்டவை. ஓம் எண்டனான்" என்றார் அவர். "இவ ஆறுக்குப் பிறகு எண்டு சொல்லிப்போட்டியளோ எண்டு கேட்டவ. அதுக்கும் ஓம் எண்டனான்."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். துவாரகா என்னைப் பார்த்தாள். காரியம் கனிந்து வந்த இடத்தில், ஒரு காலண்டர் குறுக்கே விழுந்து கிடக்கிறது. டாக்டர் ஏதாவது செய்ய வேண்டாமா?

அலமாரிப் பக்கத்திலிருந்து வெளியே வந்தேன். தொண்டையைச் செருமினேன். கம்ப்யூட்டர்காரன் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு எதைச் சொன்னாலும் ஜனங்கள் நம்புவார்கள், இது இருபது வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதுதான்.

"அக்கா, இதுவரைக்கும் நடந்தது டெஸ்ட். லைன் சரியா இருக்கான்னு பாக்கறது. அது கணக்குல வராது" என்றேன். பிறகு திரையைப் பார்த்து, "அம்மா, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ஆரம்பிக்கணும்னு யார் சொன்னது? எல்லாம் ஒண்ணா ஆரம்பிச்சதாலதான் இந்த கம்ப்யூட்டரே படுத்துக்கிச்சு. உங்களுக்கு இப்ப நல்ல நேரம். நீங்க இப்பவே சொல்லிடுங்க. இவங்க இவங்க நேரம் வந்ததும் சொல்லட்டும்."

 மாப்பிள்ளையின் அம்மா அங்கே கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, துவாரகாவை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"எங்களுக்குச் சம்மதம் பிள்ளை. மனசார."

இந்தப் பக்கம் ஒருவரும் பதில் சொல்லவில்லை. ராகு இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறார். ஆனால் அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன, அதை எந்தக் காலண்டராலும் நிறுத்த முடியவில்லை.

அப்புறம் காத்திருந்தோம். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் அங்கே தேநீர் குடித்தார்கள். இங்கே நான் ரோல்ஸ் தின்றேன். பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமான ராகு காலத்தை நான் பார்த்ததே இல்லை.

வெளியே தேவாலய மணி ஆறு அடிக்கத் தொடங்கியது. கடைசி மணி ஓய்வதற்குள் அக்கா எழுந்துவிட்டார்.

"எங்களுக்கும் சம்மதம்!"

அதற்குள் அங்கே எமகண்டம் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துவிட்டார். ஆனால் அந்தக் கொண்டை மட்டும் மேலும் கீழும் ஆடியது. இரண்டு முறை.

நல்ல நேரம் என்பது எல்லோருக்கும் ஒன்றாக வந்து நிற்பதில்லை. அவரவர் நேரத்தில் அவரவர் சொன்னாலும் காரியம் நடக்கும் போலிருக்கிறது. இதைக் கம்ப்யூட்டருக்கு ஒரு பெட்டியைத் திறந்து சொல்லிவிடலாம். மனிதர்களுக்குத்தான் பெட்டி இல்லை.

நேற்று வாசலில் மறுபடியும் மணி. மறுபடியும் ரோல்ஸ். இந்தமுறை அண்ணையே வந்திருந்தார்.

மேலே போய்ப் பார்த்தேன். டால்பின் நீந்திக்கொண்டிருந்தது. கூட ஒரு ஆமையும்.

"அண்ணே, மறுபடியும் எல்லாத்துக்கும் யா குடுத்தீங்களா?"

"ஓம் தம்பி" என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல். "அண்டைக்கு நான் அந்த யாவை அமத்தாமல் இருந்திருந்தால், அந்தப் பொடியன் சொன்னது எங்களுக்குக் கேட்டிருக்குமோ? இனி என்னெண்டு தம்பி நான் நைன் சொல்லுறது?"

எம்எஸ்கான்ஃபிக் பெட்டியைத் திறந்தவன் அப்படியே மூடிவிட்டேன். ஆமை நல்ல ஆமையாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார். "கலியாணம் டொரொண்டோவிலைதான். குடும்பத்தோடை கட்டாயம் வருவியள்தானே?"

நான்கு பேருக்கு விமான டிக்கெட், லீவு, பிள்ளைகளின் ஸ்கூல்... எல்லாம் ஒன்றாக மண்டைக்குள் ஸ்டார்ட் ஆயின. என்ன சொல்வது?

"யா" என்றேன். நைன் என்றால் காரணம் சொல்ல வேண்டுமே!